முட்டை தனியே

செல்லம்பட்டியில் முதல் பஸ்.
ஆரப்பாளையத்தில் இறங்கும்போது ஏழரை.
இன்றைக்குக் கொத்து வேலைக் கூலி போச்சு.
கையில் மஞ்சப்பை, பைக்குள் பிளாஸ்டிக் உறை,
உறைக்குள் என் மகள்:
நாலு ஜெராக்ஸ், ஆறு போட்டோ.
நிஜ மகள் என் சட்டை நுனியைப் பிடித்தபடி
வெயில் விழுந்த கல்லை மட்டும் மிதித்து வருகிறாள்.
காலை நேரம், அப்படிக் கல் அதிகமில்லை.
ஆஸ்பத்திரி வாசலுக்கு வர வெகுநேரம் ஆனது.

முகாமில் எங்கள் எண் நூற்றுப் பதினேழு.
மின்விசிறி ஒன்று முனகிக்கொண்டிருந்தது.
அவள் காதைப் பொத்திய பிறகுதான்
எனக்கே கேட்டது.

"அங்கையற்கண்ணி!"
மூன்று தரம் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.
பெயர் சொன்னால் திரும்புவதில்லை என்று
ஒரு கட்டத்தில் டிக் விழுந்தது.
வீட்டில் அவளைக் கண்ணு என்போம்.
அதற்கும் திரும்பமாட்டாள்தான்;
ஆனால் கழுத்தோரத்தில் ஓர் அசைவு வரும்,
பல்லி நகர்ந்த மாதிரி.
அதற்குக் கட்டம் இல்லை.

"பிறப்புச் சான்றுல 'கை' இருக்கு,
ஆதார்ல வெறும் 'க'. ஒரு கை இடிக்குதே"
என்றார் எழுத்தர்.
பக்கத்தில் நின்றவர் குனிந்து
அவள் கையைப் பார்த்தார், பாவம்.

ஆட்டிசத்துக்குச் சுவர்ப் பலகையில் தமிழ் எழுதியிருந்தது:
புற உலகச் சிந்தனையற்றோர்.
நான் பூசிய சுவரில் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவாள்,
மட்டம் தப்பிய இடத்தில் நின்றுவிடுவாள்.
மேஸ்திரி கண்ணுக்கே தப்பிய இடம் அது.
புற உலகம் வேறெங்கே இருக்கிறதாம்?
சரி. சண்டைக்கு வரவில்லை நான்.
கையெழுத்துக்கு வந்திருக்கிறேன்.

எழுபது சதவீதம் என்றார் டாக்டரம்மா.
நல்லவர், காலையிலிருந்து தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.
எழுபது எதில் எழுபது என்று கேட்டிருப்பேன்.
பின்னால் நூற்றுப் பதினெட்டு நிற்கிறது,
தோளில் மீசை முளைத்த மகனைச் சாய்த்துக்கொண்டு.

"பள்ளிக்கூடம் போறாளா?"
போகிறாள்.
சிறப்பாசிரியை வியாழக்கிழமை வருவார்.
பதினோரு ஊருக்கு அவர் ஒருவர், அவருக்கு ஒரு ஸ்கூட்டி.
ஸ்கூட்டி படுத்தால் அந்த வாரம் வியாழன் இல்லை.
மதுரையில் இதற்கென்றே பள்ளி இருக்கிறது என்று
ஹெட்மாஸ்டர் மூன்று தரம் சொல்லிவிட்டார்.
இருக்கிறது. மாதம் ஒன்பதாயிரம்.
மற்ற நாளெல்லாம் கதவோரம் உட்கார்ந்து
கீல் திறந்து மூடுவதைப் படிக்கிறாள்.

சத்துணவு மொக்கத்தாயைப் பற்றி
டாக்டரம்மா கேட்கவில்லை.
முதல் வாரம் தட்டைத் தள்ளிவிட்டாள் என் மகள்.
அடுத்த வாரமும். அடம் என்றார்கள், வயிறு என்றார்கள்.
அதற்கடுத்த திங்கள்
முட்டையை ஒரு மூடியில் வைத்து
சோற்றுக்கு ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறார் மொக்கத்தாய்.
சாப்பிட்டுவிட்டாள்.
எந்தப் பயிற்சியும் இல்லை, சுற்றறிக்கையும் வரவில்லை.
"எப்படிக்கா தெரிஞ்சுது?"
"புள்ள சோத்தப் பாக்கலண்ணே.
முட்டையும் சோறும் ஒட்டுற எடத்தத்தான் பாத்துச்சு."

படிவத்தின் கடைசியில்
பிற விவரங்கள் என்று ஒரு கோடு.
எல்லாரும் 'இல்லை' என்று எழுதுவார்களாம்.
பேனாவை வாங்கி
கரண்டி பிடித்த விரலால் எழுதினேன்:
முட்டை தனியே வைக்கவும்.
எழுத்தர் வாசித்தார். அடித்துவிடுவார் என்று நின்றேன்.
என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.
"அந்த 'கை' திருத்திட்டு
அடுத்த செவ்வாய் வாங்க."

வெளியே வந்தால் உச்சிப்பொழுது.
வாசலில் இருந்து பஸ் நிறுத்தம் வரை
எல்லாக் கல்லிலும் வெயில்.
என் சட்டையை விட்டுவிட்டு
ஓடினாள்.